ஜூலையில் ஊற்றிக்கொண்ட பேய்ப்படம்

1993 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் கோடை விடுமுறை உச்சத்தில் இருந்த நேரம். பிள்ளைகள் கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் கிடந்த அந்த வாரத்தில், அக்டோபர் 31 இரவில் நடக்கும் ஒரு கதையை டிஸ்னி நிறுவனம் திரையரங்குகளுக்கு அனுப்பியது. படத்தின் பெயர் ‘ஹோகஸ் போகஸ்’. ஹாலோவீன் படத்தை ஜூலையில் வெளியிடுவது, பொங்கல் படத்தைப் புரட்டாசியில் வெளியிடுவதற்குச் சமம். அதே நாளில் ‘ஃப்ரீ வில்லி’ என்ற திமிங்கலப் படமும் வந்தது. முதல் வாரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வசூலித்தன. பிறகு திமிங்கலம் நீந்திக் கரையேறியது, சூனியக்காரிகள் மூழ்கினார்கள்.

படத்துக்கு ஆன செலவு சுமார் 2.8 கோடி டாலர். அமெரிக்கத் திரையரங்க வசூல் 4 கோடி டாலரை எட்டவில்லை. தியேட்டர்காரர்களின் பங்கும் விளம்பரச் செலவும் போக நஷ்டம்தான். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்தில் ஒன்றை மட்டும் கொடுத்தார்.

இதன் இரண்டாம் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று டிஸ்னியின் ஓடிடி தளத்தில் வெளியானது. முதல் மூன்று நாளில் அமெரிக்கர்கள் அதைப் பார்த்த நேரத்தை நீல்சன் நிறுவனம் கூட்டிப் பார்த்தபோது 270 கோடி நிமிடங்களைத் தாண்டியது. ஓடிடியில் எந்தத் திரைப்படமும் ஒரு வாரத்தில் அதுவரை அந்த அளவைத் தொட்டதில்லை. ஊற்றிக்கொண்ட படத்தின் தொடர்ச்சிக்கு 29 ஆண்டு கழித்து இப்படி ஒரு கூட்டம் எங்கிருந்து வந்தது? படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிப் பாதி பார்ப்பவரின் மூளைக்குள் இருக்கிறது.

கதை 1693இல் சேலத்தில் தொடங்குகிறது. நம் மாம்பழச் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். வினிஃப்ரெட், மேரி, சாரா என்ற மூன்று சாண்டர்சன் சகோதரிகள் குழந்தைகளின் உயிரை உறிஞ்சி இளமையை மீட்டுக்கொள்பவர்கள். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எமிலி என்ற சிறுமி இறந்துவிடுகிறாள். காப்பாற்ற வந்த அவள் அண்ணனைச் சாகவே முடியாத கறுப்புப் பூனையாக மாற்றிவிடுகிறார்கள். ஊரார் திரண்டுவந்து மூன்று பேரையும் தூக்கில் போடுகிறார்கள். குழந்தைகள் படத்துக்கு இது கனமான தொடக்கம்தான். முந்நூறு ஆண்டு கழித்து ஒரு ஹாலோவீன் இரவில், ஊருக்குப் புதிதாகக் குடிவந்த மேக்ஸ் என்ற பையன், இதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிக்கொண்டே ஒரு கறுப்பு மெழுகுவத்தியைக் கொளுத்திவைக்கிறான். மூவரும் திரும்பி வருகிறார்கள். விடிவதற்குள் குழந்தைகளின் உயிரை உறிஞ்சாவிட்டால் அவர்கள் தூசியாகிவிடுவார்கள்.

வந்த கையோடு கொலை தொடங்கும் என்று நினைப்போம். நடப்பது வேறு. அவர்களுடைய பழைய குடிசை இப்போது அருங்காட்சியகம். கூரையில் தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருக்கின்றன. மேக்ஸ் தன் சிகரெட் லைட்டரை அவற்றின் அடியில் பிடித்து, சாவு மழையை வரவழைக்கப்போவதாக மிரட்டுகிறான். தண்ணீர் கொட்டுகிறது, சூனியக்காரிகள் அலறியடித்துக்கொண்டு பதுங்குகிறார்கள். அடுத்துத் துரத்திக்கொண்டு வெளியே வந்தால் எதிரில் தார்ச் சாலை. 1693இல் தார் ஏது? கறுப்பு ஆறு என்று நினைத்துத் திகைத்து நிற்கிறார்கள். ஆழம் பார்க்க ஒருத்தியை அதில் இறக்கிவிட்ட பிறகுதான் அது கெட்டித் தரை என்று தெரிகிறது. பறக்கும் துடைப்பங்கள் திருடுபோனபின் சாரா தரை துடைக்கும் மாப் ஒன்றில் ஏறிக்கொள்கிறாள். மேரிக்குக் கிடைத்தது வேக்குவம் கிளீனர்.

பயமுறுத்த வந்தவர்கள்தான் பாதிப் படம் வரை பயந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சாலை, பஸ், தெளிப்பான் எல்லாம் என்னவென்று ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். முந்நூறு வயதுச் சூனியக்காரிக்குத் தெரியாது. சாவோடு வரும் ஓர் ஆளைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற நிலை ஒரு குழந்தைக்கு வாழ்க்கையில் எத்தனை முறை வாய்க்கும்?

இந்த இடத்தில் வி. எஸ். ராமச்சந்திரனைக் கூப்பிட வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பிறகு கலிஃபோர்னியாவில் மூளையை ஆராய்ந்த நரம்பியல் அறிஞர். மனிதன் ஏன் சிரிக்கிறான் என்பதற்கு 1998இல் அவர் ஒரு விளக்கம் கொடுத்தார். புதரில் சலசலப்பு கேட்கிறது. உடம்பு முழுக்க விறைத்து ஓடத் தயாராகிறது. எட்டிப் பார்த்தால் ஆடு. அந்தக் கணத்தில் வெடிக்கும் சிரிப்பு, ‘பொய்யான எச்சரிக்கை, பயப்பட வேண்டாம்’ என்று கூட்டத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு என்றார் அவர். சிரிப்பு சத்தமாக இருப்பதற்கும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆதாரமாக அவர் எடுத்துக்காட்டியது விநோதமான சில நோயாளிகளை. மூளையில் ஒரு குறிப்பிட்ட இடம் பழுதானதால், ஊசியால் குத்தினால் அவர்களுக்கு வலி தெரியும், வேதனை தெரியாது. குத்தக் குத்தச் சிரிப்பார்கள். மூளையின் ஒரு பகுதி ஆபத்து என்கிறது, அதை உறுதிசெய்ய வேண்டிய அடுத்த பகுதி வாய் திறக்கவில்லை. விளைவு, சிரிப்பு. இது நிரூபணமான விதி அல்ல, கருதுகோள்தான். எல்லாச் சிரிப்பையும் இது விளக்காது. பேய்ப்படத்துச் சிரிப்பை இதைவிட நன்றாக விளக்கும் ஒன்றை நான் படித்ததில்லை.

உடம்பின் மந்தமும் இதற்குத் துணைபோகிறது. பயந்தபோது ஏறிய இதயத்துடிப்பும் ரத்தத்தில் கலந்த அட்ரினலினும், பயம் போன கணமே இறங்கிவிடுவதில்லை. சில நிமிடமாவது தங்கும். அடுத்து வருவது சிரிப்பானால், தங்கியிருக்கும் அந்தப் படபடப்பெல்லாம் சிரிப்பின் கணக்கில் சேர்ந்துவிடும் என்று 1970களில் டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் காட்டினார். அதனால்தான் சாதாரண நேரத்தில் புன்னகைக்கக்கூட வைக்காத ஜோக், பேய் வந்துபோன மறுநொடியில் தியேட்டரையே குலுக்குகிறது. ‘காஞ்சனா’ பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். டென்மார்க்கில் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஒரு திகில் வீட்டுக்கே போய் அளந்தார்கள். காசு கொடுத்துப் பயப்பட வந்தவர்களில் 110 பேருக்கு இதயத்துடிப்பு மானியைக் கட்டி உள்ளே அனுப்பி, திடுக்கிட வைக்கும் இடங்களில் அவர்களைக் கேமராவில் பதிவு செய்து, வெளியே வந்ததும் பயம் எவ்வளவு, ரசித்தது எவ்வளவு என்று கேட்டார்கள். 2020இல் வெளியான முடிவு: பயம் கூடக் கூட ரசனையும் ஏறுகிறது, ஓர் அளவுக்கு மேல் போனதும் சரிகிறது. வரைபடத்தில் கவிழ்த்துப்போட்ட கிண்ணம் மாதிரி வருகிறது. இதயத்துடிப்பிலும் அதே கதை. வழக்கத்திலிருந்து சற்று விலகித் துடித்தவர்கள்தான் அதிகம் ரசித்திருந்தார்கள், ரொம்ப விலகியவர்கள் அல்ல.

அந்த உச்சி எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மூன்று வயதுக்கு ஓரிடம், பத்து வயதுக்கு வேறிடம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேன்டர், குழந்தைகள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1985இல் அவரும் சிந்தியா ஹாஃப்னரும் ஒரே கதையை நான்கு விதமாகப் படம்பிடித்தார்கள். கதையில் ஒரு கிழவி. ஒன்றில் அழகான பாட்டி, அன்பாக நடந்துகொள்கிறாள். இன்னொன்றில் அதே அழகு, ஆனால் கொடுமைக்காரி. மற்ற இரண்டில் விகாரமான தோற்றம், ஒன்றில் நல்லவள், ஒன்றில் கெட்டவள். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். விகாரமாக இருந்தால் கெட்டவள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் அவள் என்ன செய்தாள் என்பதைப் பார்த்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பெட் மிட்லர் நடித்த வினிஃப்ரெட்டைப் பாருங்கள். துருத்திய முன்பற்கள், நடுவில் மட்டும் சாயம் பூசிய உதடு, எரிகிற சிவப்பில் இரண்டு கொண்டையாக ஏறி நிற்கும் முடி. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த முகமே போதும், அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்ளும். எட்டு வயதில் அதே குழந்தை பார்க்கும்போது, மேரியாக வரும் கேத்தி நஜிமி கோணவாயோடு மோப்பம் பிடிப்பதும், சாராவாக வரும் சாரா ஜெசிகா பார்க்கர் எதற்கெடுத்தாலும் குதிப்பதும்தான் கண்ணில் படும். முப்பது வயதில், மூன்று பெரிய நடிகைகள் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிக் கூத்தடிக்கிறார்களே என்ற சந்தோஷம் வரும். சின்ன வயதில் புரியாத வசனங்கள் சில அப்போதுதான் புரிந்து, இதையா டிஸ்னி பிள்ளைகளுக்குக் காட்டியது என்று திடுக்கிடவும் நேரும். ஒரே படத்தில் மூன்று படம். ஈபர்ட் அவற்றில் ஒன்றைத்தான், அதுவும் ஒரு முறைதான் பார்த்திருப்பார். அவர் சொன்னது தவறென்றும் நான் நினைக்கவில்லை. முதல் முறை பார்க்கும் பெரியவருக்கு இது சத்தம் மிகுந்த, ஒட்டுப்போட்ட படம்தான்.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லறையிலிருந்து எழுந்துவரும் பில்லி என்ற பிணத்துக்கு வாய் தைக்கப்பட்டிருக்கும். அவன் கத்தியால் தையலை அறுத்ததும் வாயிலிருந்து அந்துப்பூச்சிகள் பறக்கும். அவை உண்மையான பூச்சிகள். நடிகர் டக் ஜோன்ஸ் வாய்க்குள் ஒரு தடுப்பைப் பொருத்திக்கொண்டு, தொண்டைக்குள் போகாமல் அவற்றை அடக்கிவைத்திருந்தார். பூனை பேசும்போது வாயசைத்தது மட்டும் கணினி. அதைச் செய்தவர்கள் ‘ரிதம் அண்ட் ஹியூஸ்’. பின்னாளில், புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’யின் புலியை உருவாக்கி ஆஸ்கர் வாங்கியவர்களும் அவர்களே. இன்று பார்த்தால் அந்தப் பூனையின் வாய் ஒட்டாமல்தான் இருக்கிறது. அதுவும் ஒரு நன்மை. இது வேஷம் என்ற நினைவு குழந்தையை விட்டு முழுதாக அகலுவதில்லை.

இதெல்லாம் ஒரு முறை ரசிக்கக் காரணம். முப்பது முறை பார்க்க?

1968இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத சொற்களையும், சீன எழுத்துப் போன்ற கிறுக்கல்களையும், முன்பின் தெரியாத முகங்களையும் மாணவர்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை 25 முறை வரை. பிறகு எது பிடித்திருக்கிறது என்று கேட்டால், அதிகம் பார்த்ததைத்தான் பிடிக்கிறது என்றார்கள். பழகியது பிடித்துப்போகிறது, அவ்வளவுதான். அளவு மீறினால் சலிப்பும் வரும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சேர்த்துச் சொல்லின. நடுவில் இடைவெளி விட்டால் சலிப்பு தள்ளிப்போகிறது.

பண்டிகைப் படத்துக்கு அந்த இடைவெளியைக் காலண்டரே போட்டுக்கொடுத்துவிடுகிறது. தியேட்டரில் தோற்ற ‘ஹோகஸ் போகஸ்’ வீடியோ கேசட்டாக வந்தது. டிஸ்னி தொலைக்காட்சியில் அக்டோபர்தோறும் ஓடியது. பிறகு குடும்பச் சேனல்களின் ஹாலோவீன் வரிசையில் நிரந்தர இடம் பிடித்தது. பதினோரு மாதம் யாருக்கும் அது நினைவில் இல்லை. அக்டோபரில் பூசணிக்காய்களும் மிட்டாய்ப் பைகளும் கடைக்கு வரும்போது அதுவும் வந்துவிடும். சலிக்கும் அளவுக்குப் பார்ப்பதுமில்லை, மறக்கும் அளவுக்கு விடுவதுமில்லை. இந்தப் படத்தை அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தால் இவ்வளவு நீடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமுண்டு. தியேட்டரில் ஓரளவு ஓடி முடிந்திருந்தால், சேனல்காரர்கள் கையில் இத்தனை தாராளமாகச் சிக்கியிருக்குமா?

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 12 சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லிவிட்டும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கூடுதலாக ரசித்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொன்னதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேய்க்கதையைப் பொறுத்தவரை எனக்கு அது சரியென்றே படுகிறது. விடியும், சூனியக்காரிகள் அழிவார்கள் என்று தெரிந்த குழந்தைக்குப் பயத்தின் அளவைத் தானே குறைத்துக்கொள்ள முடிகிறது. ‘இந்த இடத்துல கண்ணை மூடிக்கோ’ என்று தங்கைக்குச் சொல்லும் அதிகாரமும் கிடைக்கிறது.

அந்தத் தங்கை முக்கியமானவள். அமெரிக்காவில் ராபர்ட் ப்ரொவைன் என்ற ஆய்வாளர் கடைத்தெருக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் நின்று, மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று குறிப்பெடுத்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பது அவர் கண்டது. பெரும்பாலான சிரிப்புக்கு முன்னால் ஜோக் எதுவும் இல்லை என்பது அதைவிட வேடிக்கை. தியேட்டரில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த விமர்சகர்களுக்குக் கிடைக்காத ஒன்று, ஒரே சோபாவில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்த குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அப்பா அம்மா ஆனார்கள். கரோல் க்ரம்ஹான்ஸல் என்ற கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளரும் இன்னொருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு பாட்டுகளைப் பற்றியது. இருபது வயதையொட்டிய மாணவர்களுக்கு, அவர்கள் பிறப்பதற்கு முன்பு வந்த பாட்டுகளைப் போட்டுக்காட்டினால், அவர்களுடைய பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டுகளுக்கு நினைவும் பிரியமும் தனியாகத் தூக்கலாக இருந்தன. பெற்றோரின் ஏக்கம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்கிறது. படத்துக்கு மட்டும் அது பொருந்தாமல் போகுமா? 270 கோடி நிமிடங்களின் கணக்கு இப்போது ஓரளவு புரியும். 1990களில் புடவைக்குள்ளோ போர்வைக்குள்ளோ ஒளிந்தவர்கள், தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த நிமிடங்கள் அவை. கொரோனாவால் புதுப்படங்கள் வராமல் போன 2020 அக்டோபரில் தியேட்டர்களைத் திறந்தபோதும், பழைய ‘ஹோகஸ் போகஸ்’ஸைத்தான் மறுபடி ஓட்டினார்கள்.

இரண்டாம் பாகம் அந்தக் கூட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே மூன்று நடிகைகள், வெளியான காலமும் இந்த முறை சரி. ஆனால் அதில் எந்தக் குழந்தையும் சாவதில்லை. சூனியக்காரிகளுக்குச் சோகமான பிள்ளைப் பருவம் கொடுத்து, கடைசியில் நம் அனுதாபத்தையும் வாங்கிக்கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஆபத்தில்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் எச்சரிக்கை ஏது, அது பொய் என்று தெரிந்து சிரிப்பது ஏது? முதல் பாகத்தில் எமிலி செத்த பிறகுதான் வேக்குவம் கிளீனர் சிரிப்பு மூட்டியது.

பொய்யான எச்சரிக்கையைப் பொய் என்று சொல்ல ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் அதே ஊர்தான். 1692இல் உண்மையான சேலத்தில் சில சிறுமிகளுக்கு வலிப்புப் போல வந்தது. சூனியம் என்றார்கள். இன்னாருடைய ஆவி வந்து கிள்ளியது என்ற சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டு, 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்த பிறகே கொலைகள் நின்றன. படத்தில் சாராவாக நடித்த பார்க்கருக்கே அதில் ஒரு பங்குண்டு. தன் மூதாதை எஸ்தர் எல்வெல் அந்த ஆண்டு சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டவர் என்பதும், நீதிமன்றம் கலைக்கப்பட்டதால் தப்பியவர் என்பதும், 2010இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் அவருக்குத் தெரியவந்தது.

தண்டனை பெற்றவர்களின் பெயர்கள் பின்வந்த நூற்றாண்டுகளில் படிப்படியாகக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒரு பெயர் மட்டும் விடுபட்டுப்போனது. எலிசபெத் ஜான்சன், கைதானபோது இருபத்துச் சொச்சம் வயது. படத்தின் கதை தொடங்கும் அதே 1693இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, நிறைவேற்றப்படவில்லை. மாசசூசெட்ஸில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து அந்தப் பெண்ணின் வழக்கை ஆராய்ந்து, சட்டமன்றத்துக்கு விடாமல் எழுதினார்கள். 2022 ஜூலையில், இரண்டாம் பாகம் வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்பு, எலிசபெத் ஜான்சன் குற்றமற்றவர் என்று மாநில அரசு சட்டப்படி அறிவித்தது.